கல்யாணப் படத்துக்குச் சேதாரம் வேண்டாம்!



தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு ஆரம்பமாகிவிடும். புதுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போதே பழைய கல்யாணத்தின் ஞாபகமும் வரும். "உங்க கல்யாண கேசட்டைப் போடுங்க அத்தை, பார்க்கலாம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பீரோவின் மேல்தட்டிலிருந்து கேசட்டையோ சி.டி.யையோ எடுத்துத் தூசி தட்டினால், அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் மெஷின் இருக்காது!

வி.எச்.எஸ். கேசட் 1976-ல் ஜப்பானில் வந்தது. அதைப் போட்டுப் பார்க்கும் வி.சி.ஆர். மெஷினைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பான் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. வி.சி.டி. 1993-ல் வந்தது. டி.வி.டி. 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்து, பிறகு உலகமெல்லாம் பரவியது. ஆகவே கேசட்டையும் வி.சி.டி.யையும் டி.வி.டி.க்கு மாற்றிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மாற்றும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது தெரியாமல் போனால், காசையும் கொடுத்துப் படத்தையும் கெடுத்துக்கொண்டு வருவோம். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "இதெல்லாம் ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! மிக்ஸியும் கிரைண்டரும் ஓட்டுகிற நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

அரிசியும் மாவும்

கடையில் வாங்கிய அரிசியைச் சாக்கிலிருந்து டின்னில் கொட்டுகிறோம். அரிசிக்கு ஏதாவது ஆகிறதா? இல்லை. பாத்திரம்தான் மாறியது. அதே அரிசியை மெஷினில் கொடுத்து அரைத்துக்கொண்டு வந்தால் மாவு. மாவை மறுபடி அரிசியாக்க யாராலும் முடியாது.

வீடியோவும் அப்படியேதான். ஒரு வீடியோ ஃபைலில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் படமும் சத்தமும். மற்றொன்று அதை வைத்திருக்கும் பாத்திரம். ஃபைலின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4, ஏ.வி.ஐ., வி.ஓ.பி., டி.ஏ.டி. என்றெல்லாம் வருகிறதே, அது பாத்திரத்தின் பெயர். படத்தைத் தொடாமல் பாத்திரத்தை மட்டும் மாற்றுவதற்கு 'ரீமக்ஸ்' என்றும், 'ஸ்ட்ரீம் காப்பி' என்றும் பெயர். இதில் ஒரு புள்ளிகூடக் குறையாது. படத்தைப் பிரித்து, மறுபடி புதிதாகச் சுருக்கிப் பதிவதற்கு 'ரீ-என்கோடிங்' என்று பெயர். இது அரைக்கிற வேலை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும்.

ஏன் போகிறது என்று கேட்பீர்கள். படத்தை அப்படியே வைத்தால் எந்தத் தட்டிலும் அடங்காது. அதனால் ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறார்கள். நம் ஊர் கணக்கில் ஒரு வினாடிக்கு 25 படம் ஓடுகிறது. அந்த 25-ஐயும் முழுதாக வைப்பதில்லை. அங்கங்கே ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு 'முந்தினதிலிருந்து என்ன மாறியது' என்று மட்டும் எழுதி வைக்கிறார்கள். இப்படிச் சுருக்கும் முறைகளை வகுத்தது 1988-ல் ஆரம்பித்த 'எம்பெக்' என்ற நிபுணர் குழு. வி.சி.டி.யில் இருப்பது எம்பெக்-1, டி.வி.டி.யில் சாதாரணமாக இருப்பது எம்பெக்-2.

ஒரு தடவை சுருக்கினால் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. சுருக்கியதையே மறுபடி சுருக்கினால், முதல் தடவை விழுந்த கட்டங்களையும் கம்ப்யூட்டர் நிஜப் படம் என்றே எண்ணிக்கொள்ளும். அதையும் கஷ்டப்பட்டுப் பதியும். பட்டுப்புடவை ஜரிகையும் முகத்தின் சாயலும் இன்னும் கொஞ்சம் கழியும். பழைய நகையை உருக்கி உருக்கிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் சேதாரம் போகிறதல்லவா? அந்தக் கதைதான். செய்கூலி வேறு!

எங்கள் குடும்பத்தில் நடந்தது

என் நாத்தனாருக்கு 2004-ல் கல்யாணம். மூன்று வி.சி.டி.யில் படம் போட்டுக் கொடுத்தார்கள். மறு வருஷமே மாமனார் காலமாகிவிட்டார். பந்தி நடக்கும்போது அவர் தோளில் துண்டோடு நின்று, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்வது இரண்டாவது தட்டில் இருக்கிறது. அவர் குரல் என்று எங்கள் குடும்பத்தில் இருப்பது அது ஒன்றுதான். போட்டோ இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. குரல் அந்தத் தட்டில் மட்டும்தான்.

போன வருஷம் நாத்தனார் அந்த மூன்றையும் டவுனில் ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றி வாங்கி வந்தாள். அத்தையை நடுவில் உட்கார வைத்துப் போட்டோம். ஆரம்பத்தில் பூவெல்லாம் பறந்தது, பெயரெல்லாம் தங்க எழுத்தில் வந்தது. பந்தி வந்ததும் அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்ன ஆத்தா இது, உங்க மாமா மூஞ்சி கட்டம் கட்டமா இருக்கு? அகலமா வேற இருக்கு! அவுக இப்படியா இருந்தாக?" என்றார்கள். நாத்தனார் முகம் வாடிவிட்டது. "அண்ணி, பழைய சி.டி.யில இதைவிட நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள்.

நல்லவேளை, பழைய தட்டுகளை அவள் தூக்கிப் போடவில்லை. எங்கள் வல்லத்திராக்கோட்டையில் எதிர்வீட்டு அக்கா மகள் கம்ப்யூட்டர் படித்தவள். அவள்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். கடையில் முதலில் வி.சி.டி.யை எம்.பி.4 ஆக்கியிருக்கிறார்கள், அது ஒரு அரைப்பு. பிறகு பூவும் பெயரும் சேர்க்க எடிட்டிங் செய்து, டி.வி.டி.க்காக மறுபடி எம்பெக்-2 ஆக்கியிருக்கிறார்கள். அது இரண்டாவது அரைப்பு. போதாக்குறைக்குச் சதுரமான பழைய படத்தை அகல டி.வி.க்காக இழுத்தும் விட்டார்கள்.

"இதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம் சித்தி. வி.சி.டி. படத்தை டி.வி.டி. அப்படியே ஏத்துக்கும்" என்றாள் அந்தப் பெண். எனக்கு ஆச்சரியமாக இருந்தது! விஷயம் இதுதான்: டி.வி.டி.க்கு எம்பெக்-2தான் வேண்டும் என்றில்லை. 352க்கு 288 புள்ளி அளவுள்ள எம்பெக்-1 படத்தையும் டி.வி.டி. விதி அனுமதிக்கிறது. வி.சி.டி.யில் இருப்பது அதே அளவுதான். சத்தத்தில் மட்டும் ஒரு வித்தியாசம். வி.சி.டி. சத்தம் வினாடிக்கு 44,100 தடவை அளந்து பதியப்பட்டது. டி.வி.டி.க்கு 48,000 வேண்டும். ஆகவே சத்தத்தை மட்டும் ஒரே ஒரு தடவை மாற்றினால் போதும். படத்தின் மேல் கை வைக்கவே வேண்டாம்.

அப்படியே செய்தாள். மூன்று தட்டும் ஒரே டி.வி.டி.யில் அடங்கி, இடமும் மிச்சம்! கணக்கு இதுதான். வி.சி.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 630 எம்.பி. இடம் பிடிக்கும். சாதாரண டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. கொள்ளும். ஆக, ஒரு டி.வி.டி.யில் ஏழு மணி நேர வி.சி.டி. படம் வைக்கலாம். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் ஒரே தட்டில்!

ஒன்று சொல்லிவிட வேண்டும். இப்படிச் செய்ததால் படம் பழைய வி.சி.டி.யைவிடத் தெளிவாகிவிடவில்லை. இல்லாத நுணுக்கத்தை எந்த மாற்றமும் கொண்டுவராது. இருந்ததை இருந்தபடி காப்பாற்றினோம், அவ்வளவுதான். அத்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. "இதான் உங்க மாமா" என்றார்கள்.

உங்கள் கையில் இருப்பது எது?

முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். மீடியா இன்ஃபோ என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. ஃபைலைக் காட்டினால் உள்ளே என்ன முறை, எத்தனை புள்ளி, வினாடிக்கு எத்தனை படம், சத்தம் எப்படி என்று எல்லாம் சொல்லிவிடும். டாக்டர் மருந்து எழுதுமுன் நாடி பிடிப்பது போல!

*வி.சி.டி.யாக இருந்தால்:* தட்டைத் திறந்தால் 'எம்பெக்-ஏ.வி.' என்ற ஃபோல்டரில் டி.ஏ.டி. என்று முடியும் ஃபைல் இருக்கும். அதன் மேல் ஓர் உறை உண்டு. வி.சி.டி. கியர் என்ற புரோகிராம் படத்தைத் தொடாமல் உறையை மட்டும் கழற்றிக் கொடுக்கும். பிறகு மேலே சொன்னபடி சத்தத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

*டி.வி.டி.யாகவே இருந்தால்:* மாற்ற ஒன்றுமே இல்லை. தட்டை அப்படியே நகல் எடுக்கச் சொல்லுங்கள். சில தட்டுகள் 8.5 ஜி.பி. கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டுகள். அதை ஒரே சாதாரணத் தட்டில் திணிக்க வேண்டுமானால் படத்தைக் கசக்க வேண்டியிருக்கும். பேசாமல் இரண்டு தட்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். கூடுதல் தட்டுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

*வி.எச்.எஸ். கேசட்டாக இருந்தால்:* இதில் ஒரு தடவை சுருக்குவதைத் தவிர்க்க முடியாது. அந்த ஒரு தடவையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். டி.வி.டி. ரெக்கார்டர் மெஷினில் பதிந்தால் நேரே எம்பெக்-2 ஆகவே வரும். கம்ப்யூட்டரில் எடுத்தாலும் நேரே டி.வி.டி. அளவான 720க்கு 576 புள்ளியில் எம்பெக்-2 ஆகவே எடுக்கலாம். அதன்பின் மறுபடி எதையும் அரைக்கக் கூடாது. நடுவில் வெறும் நீலத்திரையாக ஓடும் இடத்தை வெட்ட வேண்டுமா? முழுப் படம் விழுகிற இடத்தில் வெட்டினால் மறு பதிவு தேவையில்லை. டி.வி.டி.யில் சுமார் அரை வினாடிக்கு ஒரு முழுப் படம் வரும். ஆகவே நாம் நினைத்த இடத்துக்கு அரை வினாடி முன்னே பின்னே வெட்டு விழும். அதனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் ஆகிய இலவச புரோகிராம்களில் இப்படி வெட்டலாம்.

*போனில் எடுத்த படமாக இருந்தால்:* இளம் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். குழந்தை முதல் அடி வைப்பதைப் போனில் பிடித்து, சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புகிறீர்கள். வாட்ஸ்அப் அனுப்பும்போதே அதைச் சுருக்கிவிடும். பிறகு, 'அனுப்பிட்டோமே, அங்க இருக்கும்' என்று போனிலிருந்து அழித்துவிட்டால், மிஞ்சுவது அரைத்த மாவு மட்டும்தான். ஆகவே மூலப் படத்தை அழிக்காதீர்கள். அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்பதைத் தொட்டு அனுப்பினால் சுருங்காமல் அப்படியே போகும்.

போன் படத்தை டி.வி.டி. பிளேயரில் ஓடும் தட்டாக்க வேண்டுமானால் எம்பெக்-2 ஆக ஒரு தடவை மாற்றித்தான் ஆக வேண்டும். டி.வி.டி. விதியில் போன் படத்தின் முறைக்கு இடமில்லை. ஆனால் அதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: தட்டு நிஜமாகவே வேண்டுமா? இப்போது வரும் பெரும்பாலான டி.வி.க்களில் பென் டிரைவ் செருகினால் எம்.பி.4 படம் நேராகவே ஓடுகிறது. அப்படியிருக்க எதற்கு அரைக்க வேண்டும்?

*வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால்:* நம் ஊர் முறைக்கு 'பால்' என்று பெயர், வினாடிக்கு 25 படம். அமெரிக்க முறைக்கு 'என்.டி.எஸ்.சி.' என்று பெயர், ஏறக்குறைய 30 படம். "அமெரிக்காவுல இருக்கிற அக்காவுக்கு அனுப்பணும், அந்த முறைக்கு மாத்திக் குடுங்க" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கம்ப்யூட்டரில் இரண்டு முறையும் ஓடும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. அங்கேயும் பழைய நாளிலிருந்து பால் முறைதான்.

எப்போது அரைத்துத்தான் ஆக வேண்டும்?

ரீ-என்கோடிங்கே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தோசை வேண்டுமானால் அரிசியை அரைத்துத்தானே ஆக வேண்டும்! டி.வி.டி. ஏற்காத முறையில் படம் இருந்தாலோ, படம் தட்டில் கொள்ளாத அளவு பெரிதாக இருந்தாலோ, படத்தின் மேலேயே பெயர் எழுத வேண்டும், நிறம் திருத்த வேண்டும் என்றாலோ வேறு வழியில்லை. அப்போதும் மூன்று விஷயத்தை நினைவில் வையுங்கள்.

முதலாவது, ஒரே தடவைதான். மூலத்திலிருந்து நேரே டி.வி.டி.க்குப் போக வேண்டும். நடுவில் இன்னொரு ஃபைலாக மாற்றி நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, தட்டில் அளவுக்கு மீறி அடைக்கக் கூடாது. 4.7 ஜி.பி. தட்டில் இரண்டு மணி நேரம் என்றால் படம் சத்தம் எல்லாம் சேர்த்து வினாடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் கிடைக்கும், படம் நன்றாக இருக்கும். அதே தட்டில் நாலு மணி நேரத்தைத் திணித்தால் அதில் பாதிதான். இட்லித் தட்டில் ஒரு குழியில் இரண்டு கரண்டி ஊற்றுகிற மாதிரி!

மூன்றாவது, படமும் சத்தமும் வேறு வேறு. சத்தம் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் சத்தத்தை மட்டும் மாற்ற வேண்டும். மாமனார் படத்துக்கு நாங்கள் செய்தது இதுதான். பூவும் பெயரும் வேண்டுமென்று ஆசையாக இருந்தால், தட்டின் முகப்பில் மெனுவாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் படத்தைத் தொட வேண்டியதில்லை.

கடையில் கேட்க வேண்டியது

கடைக்காரர்களில் நன்றாகத் தெரிந்து பொறுமையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நாம் கேட்டால்தான் அவர்களும் செய்வார்கள். கூச்சப்படாமல் இப்படிக் கேளுங்கள்:

"படத்தை ரீ-என்கோட் பண்ணாம, ஸ்ட்ரீம் காப்பியா போட்டுத் தர முடியுமா? சத்தத்தை மட்டும் தேவையானா மாத்துங்க."

"பழைய சதுரப் படத்தை அகலமா இழுக்காதீங்க. நாலுக்கு மூணு அளவுலயே இருக்கட்டும்."

"தட்டுல போட்டதோட, கம்ப்யூட்டர்ல எடுத்த மூல ஃபைலையும் பென் டிரைவ்ல குடுங்க."

வேலை எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. வெறும் பாத்திரம் மாற்றும் வேலை சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஃபைலின் அளவும் ஏறக்குறைய பழைய அளவே இருக்கும். அரைக்கிற வேலைக்கு அதைவிட ரொம்ப நேரம் பிடிக்கும், அளவும் மாறியிருக்கும்.

வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்றை வாங்கி நீங்களே செய்யலாம். டி.வி.டி. ஸ்டைலர் என்ற இலவச புரோகிராமில் படத்துக்கு 'காப்பி' என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் படத்தைத் தொடாது. ஹேண்ட்பிரேக் என்று ஒன்று பலரும் உபயோகிக்கிறார்கள். நல்ல புரோகிராம்தான். ஆனால் அது படத்தை எப்போதும் மறுபடி சுருக்கவே செய்யும். நம் வேலைக்கு அது வேண்டாம்.

மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது. ஓடு பறந்த வீடுகளில் துணிமணி, பாத்திரம், ரேஷன் கார்டு, கல்யாண ஆல்பம் எல்லாம் நனைந்தன. தட்டு நனைந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நிழலில் உலர்த்திப் போட்டுப் பாருங்கள். பல தட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

தட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெயில் படாத இடத்தில் அதனதன் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். டி.வி.டி. வந்துவிட்டது என்று பழைய கேசட்டையும் வி.சி.டி.யையும் எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு வேறொரு புதுப் பாத்திரம் வரும். அப்போது நகலிலிருந்து நகல் எடுக்காமல் மூலத்திலிருந்தே எடுக்கலாம். மூல ஃபைலின் ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்கில் போட்டு, இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் அக்கா தங்கை வீட்டில் கொடுத்து வைத்தால் புயலுக்கும் பயமில்லை.

நம் பெரியவர்களின் முகமும் குரலும் கடையில் விலைக்குக் கிடைக்காத பொருள். வரும் ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, உங்கள் வீட்டில் என்னென்ன தட்டு, கேசட் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள் சகோதரிகளே. எதை அப்படியே எடுக்கலாம், எதை ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு, பிறகு கடைக்குப் புறப்படுங்கள்.

அடுத்த இதழில், பழைய போட்டோ ஆல்பத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசலாம்.